கடலுக்குள் கிடந்த கிணறு

அன்புள்ள துலுக்காணம்,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இருந்திருந்தால், "இன்னா மாமு, எனக்குப் போய் காயிதம் எழுதிகினு கீற?" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். உன் குப்பத்துச் சேதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வெள்ளைக்காரன் போன பிறகு, ராயபுரத்துக்கு வடக்கே பட்டண எல்லையைப் புதுப் படமாக வரைந்தவன் நான். நேரில் போய்ப் பார்க்காமலே, உங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் 'காலி மணல்' என்று எழுதினேன். கிடங்கு கட்ட இடம் வேண்டும், நேற்று வந்து குந்தியவர்கள் கிளம்புங்கள் என்று உங்களுக்கு நோட்டீஸ் வந்தது அதனால்தான். வேறொருவனாக இருந்தால் என்னை அடித்திருப்பான். நீ டீ வாங்கிக் கொடுத்தாய். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு ஆபீஸ் பீரோவைக் குடைந்து பழைய படம் ஒன்றை எடுத்தேன். அதில் உங்கள் குப்பம் பெயரோடு இருந்தது, பக்கத்தில் ஒரு கிணறும் இருந்தது. படத்தில் உள்ள தூரத்தை இன்றைய கரையிலிருந்து அளந்தால் கிணறு ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"கரை இன்னா நின்ன எடத்துலயேவா நிக்குது? ஆர்பர் கட்டினதுலேந்து கடல் துன்னுகினே வருது. ஒத்தியூர் கோபுரத்துலேந்து அள மாமு."

திருவொற்றியூர் கோயில் கோபுரத்திலிருந்து அளந்தேன். கிணறு கடலுக்குள் விழுந்தது. "அங்க வலை போடமாட்டோம், கல்லு கிழிச்சிடும்" என்றாய். படகிலிருந்து பார்க்க, கோபுரம் மில் புகைக்கூண்டுக்குப் பின்னால் மறைந்ததும் வலையைச் சுருட்டிவிடுவது உன் நைனா காலத்துப் பழக்கமாம். அது என்ன கல் என்று ஒருவரும் கேட்டதில்லை. என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொன்னாய், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

போன வாரம் நோட்டீஸ் பற்றி விசாரிக்க அதிகாரி வந்தார். உன் தம்பி அந்த இடத்தில் முழுகி, காரை ஒட்டிய செங்கல் இரண்டை எடுத்துவந்தான். இரண்டும் வளைந்திருந்தன. கிணறு கட்டுகிற செங்கல்.

"நாங்க வந்து குந்தல சார்," என்றாள் உன் மனைவி கன்னியம்மா. "கடல் தொரத்திச்சு, பின்னால பின்னால நவுந்துகினே வந்தோம்."

அதிகாரி பழைய படத்தை வெகுநேரம் பார்த்தார். புதுப் படத்தை வரைந்தது யார் என்று கேட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று, நான்தான், தப்பும் என்னுடையதுதான் என்றேன். நோட்டீஸை நிறுத்தி வைத்தார். வீடு வீடாகப் போய் மறுபடி வரையச் சொன்னார்.

நாளைக் காலை நிலம் அளக்கும் சங்கிலியோடு போகிறேன். உன் வீட்டு வாசலில் நீ இல்லாமல் எப்படி நிற்பேன் என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வீடு விடாமல் வரைவேன். மனிதர் வாழும் இடத்தைக் காலி என்று இந்தக் கை இனி எழுதாது, துலுக்காணம்.

உன் மாமு,
ஏகாம்பரம்