கோயில் வாசலில் இரவல் துணி

ஹோம்புஷ், சிட்னி
18.01.1976

அன்புள்ள பரிமளத்துக்கு,

நான் சுகம். போன கடிதத்தில் உமது முதுகுவலியைப்பற்றி நீர் ஒன்றும் எழுதவில்லை. அதனால் அது குறையவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். மாமிக்கு இருமல் எப்படி?

பாக்டரி பத்து நாள் பூட்டியிருந்தது. யாழ்ப்பாணம் வந்துபோக அது காணாது. என்னோடு அறையில் இருக்கும் சிறிதரன், "தனிய இருந்து சுவரைப் பாக்கப்போறியளே அண்ணை, வாங்கோ" என்று பாலித் தீவுக்கு இழுத்துக்கொண்டு போனான். எரிமலைத் தீவு அது. மலையைச் சுற்றி ஊர் ஊராக நடந்தோம். வயலும் தென்னையும் சேவலுமாக, களைப்பில் எனக்கு எல்லா ஊரும் ஒன்றுபோலவே தெரிந்தது.

மலையடிக் கிராமம் ஒன்றில் கோயிலைக் கண்டதும், என்னை அறியாமலே சப்பாத்தையும் சேர்ட்டையும் கழற்றிவிட்டேன். அங்கே கோயிலில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றுவதில்லையாம். கறுத்த எரிமலை மண் கொதிக்க, வெறும் மேலோடு துள்ளிக்கொண்டு நின்றேன். வாசலில் இருந்த பெண் சிரித்துவிட்டு, சேர்ட்டைப் போடும்படி கைகாட்டினாள். பிறகு உல்லாசப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் இரவல் துணியை என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

"எங்கட கோயிலெண்டு நினைச்சிட்டியளோ அண்ணை?" என்றான் சிறிதரன்.

ஓம், நினைத்துவிட்டேன். காலில் சின்னக் கொப்புளம்தான், ஆறிவிட்டது.

ரயிலுக்கு நேரமாகிறது. எனக்கு ஒரு வேட்டி அனுப்பும். புதிது வேண்டாம், சலவைக்கும் கொடுக்க வேண்டாம். அலுமாரியில் உமது சேலைகளுக்குள் கிடப்பதை, கிடந்தபடியே அனுப்பும்.

உமது
ஆனந்தராஜா