ஹீட்டரை மாட்டியது நீதான்

இன்று காலை கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து வெளியே தொங்கும் மூன்று முனை பிளக் கண்ணில் பட்டது. சாலையில் தூவும் உப்பு படிந்து வெளுத்திருந்தது. அதே பழைய கார், அதே பிளக், தினமும் பார்ப்பதுதான். இன்று அதைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று உனக்கு யாராவது சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நாம் பழகியது நியூஜெர்சியில், எடிசனில் நம் அபார்ட்மென்டின் லாண்டரி அறையில். நான் கன்சல்டிங் கம்பெனி அனுப்பிவைத்த புது புரோகிராமர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசத் தெரியாத பெண். நீ கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி எச்-ஃபோர் விசாவில் வந்தாய். அந்த விசாவில் சமைக்கலாம், துவைக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. "என்ன கண்ணு, நீங்க நீங்கன்னுட்டு? எனக்கு என்ன நரைச்சா போச்சு?" என்று முதல் நாளே என்னை அதட்டினாய்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. என் பழைய கார் விடிகாலையில் முனகும், பிறகு மௌனமாகிவிடும். கிளையன்ட் ஆபீசுக்கு அடுத்தடுத்துத் தாமதமாகப் போனேன். எங்கள் கம்பெனிக்காரர் போனில் சொன்னார்: "இன்னொரு தடவை லேட்டா போனீங்கன்னா புராஜெக்ட்லேர்ந்து எடுத்துருவாங்க. அப்புறம் ஊருக்கு டிக்கெட்தான். உங்க கார் பிராப்ளம்லாம் எங்க பிராப்ளம் இல்ல." நான் "ஓகே சார், ஓகே சார்" என்று சொல்லிவிட்டு உன் சமையலறையில் வந்து அழுதேன்.

நீ அழவிடவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தாய். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது. ஆயில்தான் கெட்டியாயிருது. இன்ஜின் பிளாக்கையே சூடு பண்ணோணும். ஊர்ல வாளித் தண்ணிக்குள்ள ஹீட்டர் போடுவோமில்ல, அந்த மாதிரி இன்ஜினுக்குள்ள இருக்கற தண்ணிக்கு ஒண்ணு போட்டுரலாம்."

உன் வீட்டுக்காரர் சோபாவிலிருந்தே சிரித்தார். "அது கனடாக்காரன் போடறது. நியூஜெர்சிக்கு எதுக்கு?"

"நியூஜெர்சி கார் மட்டும் எலுமிச்சம்பழத்துலயா ஸ்டார்ட் ஆகுது?" என்றாய். அவர் தன் புதுக் காருக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

உதிரிபாகக் கடையில் கவுன்ட்டர்காரர் உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். யார் மாட்டப்போவது, உன் ஹஸ்பெண்டா என்று கேட்டார். "ஹி டஸ்ன்ட் நோ. ஐ நோ" என்றாய். அவருடைய சிரிப்பு எனக்கு இன்னும் எரிகிறது. நீ மட்டும் பெட்டியைப் பிரித்து, என் இன்ஜினுக்குப் பொருந்தும் அளவுதானா என்று நிதானமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை மதியம் பார்க்கிங் லாட்டில் வேலை தொடங்கியது. உன் வீட்டுக்காரர் கிரிக்கெட் கேசட் பார்க்க நண்பர் வீட்டுக்குப் புறப்பட்டார். "கார ஒடச்சு வெச்சுராதீங்க" என்பதுதான் அவர் செய்த உதவி. நீ வண்டியின் முன்பக்கத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றிவிட்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அடியில் படுத்தாய். நான் டார்ச் பிடித்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைநிறக் கூலன்ட்டை பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கி உடனே மூடச் சொன்னாய். "இனிப்பா இருக்கும். பூனை கீனை நக்குச்சுன்னா செத்துப்போயிரும்."

இன்ஜின் பக்கவாட்டில் ஒரு தகட்டு மூடி இருந்தது. அதன் ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினாய். மூடி திரும்பிக்கொண்டு நின்றது. இடுக்கியால் பிடுங்கி எறிந்தாய். அந்த ஓட்டையில்தான் ஹீட்டர் உட்கார வேண்டும். அதற்குள் நம் அபார்ட்மென்ட் ஆண்கள் ஜாக்கெட் பாக்கெட்டில் கைவிட்டபடி கூடிவிட்டார்கள். ஒருவரும் குனியவில்லை. ஆனால் எல்லோரிடமும் ஆலோசனை இருந்தது.

"ஏங்க, மெக்கானிக்கக் கூப்பிடலாமே?"

"ஹஸ்பெண்ட் இல்லாதப்போ ரிஸ்க் எடுக்காதீங்க."

நீ மாட்டி முடித்துக் கூலன்ட் ஊற்றினாய். அடியில் எட்டிப் பார்த்தேன். ஹீட்டரின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. "நாங்கதான் அப்பவே சொன்னமே" என்று ஒருவர் சிரித்தார். திங்கட்கிழமை காரும் இல்லை, வேலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ திரும்பவும் அடியில் படுத்தாய். மறுபடி எல்லாவற்றையும் இறக்கினாய். ஹீட்டரைக் கழற்றி, ஓட்டையின் உள்விளிம்பை விரலால் தடவி, ஓரிடத்தில் நிறுத்தினாய். "இந்தா, துரு. இதுதான் சரியா உக்கார விடமாட்டேங்குது." உப்புத்தாளால் தேய்த்தாய். மறுபடி தடவினாய், மறுபடி தேய்த்தாய். ஹீட்டர் கம்பி உள்ளே இரும்பில் படாமல் திருப்பிவைத்து முறுக்கினாய். ஒயரை சைலன்சர் பக்கம் போகாமல், பெல்ட்டில் சிக்காமல் இழுத்துக் கட்டினாய். இந்த முறை சொட்டவில்லை. கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. சொட்டியபோது நின்றவர்கள் சொட்டாதபோது நிற்கவில்லை.

உன் சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்தது. ஜன்னல் இடுக்கில் பழைய துண்டைத் திணித்திருந்தாய். விடியும் முன்பே எழுந்து பிளக்கைச் செருகிவைத்ததும் நீதான். திங்கட்கிழமை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். நீ நைட்டி மேல் ஸ்வெட்டரோடு ஜன்னலில் நின்று சொன்னது: "எனக்கும் ஒண்ணு மாட்டி உடு கண்ணு. வந்த நாளாப் பார்க்கிங்லயேதான் நிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆபீஸ் வரை அது என் காதில் இருந்தது. அன்று என் வேலை தப்பியது. அந்த வேலையால்தான் என் தம்பி படித்தான்.

இந்த வருடம் கோடையில் வயிற்றுவலி என்றாய். தீபாவளிக்கு நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் உன் படத்துக்கு மாலை போட்டார்கள். மைக்கில் ஒவ்வொருவராக வந்தார்கள். நீ வைத்த குழம்பு, உன் அதிராத பேச்சு, யார் வந்தாலும் முகம் சுளிக்காத குணம். நீ இன்ஜினியர் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. நம் அபார்ட்மென்டில் குடியிருந்த ஒரு அங்கிள், அன்று ஹீட்டர் சொட்டியபோது சிரித்தவர், மைக்கைப் பிடித்து உன் வீட்டுக்காரரைக் காட்டினார். "அந்தப் பனியில தரையில படுத்து இந்தப் பொண்ணு காருக்கு ஹீட்டர் போட்டுக் குடுத்தாரு மனுஷன். அந்த அம்மா டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. அப்படி ஒரு ஜோடி!"

உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுக்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். எப்படி என்று தெரியாது. "அவர் போடல, அங்கிள். அவதான் போட்டா. நீங்க பார்த்துக்கிட்டுத்தான் நின்னீங்க."

அங்கிள் சமாளித்தார்: "சரிம்மா, புருஷன் பொண்டாட்டில யார் போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல அங்கிள்."

பக்கத்தில் இருந்த ஆன்ட்டி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா. இந்த நேரத்துல எதுக்கு இதெல்லாம்?" வேறு எந்த நேரத்தில்? உயிரோடு இருந்தபோது வேலைக்குப் போக உனக்கு அனுமதி இல்லை. செத்த பிறகு உன் வேலையையும் எடுத்து உன் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதை நான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

காரின் மேல் மெல்லிதாகப் பனி விழுந்திருந்தது. யாரோ பின்னால் ஓடி வந்தார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண். எத்தனையோ விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், இன்னாருடைய மனைவி என்பதற்கு மேல் தெரியாது. மூச்சு வாங்க நின்றார்.

"நான் சிவில்ங்க," என்றார். "திருச்சி பக்கத்துல ஒரு பாலம் இருக்கு. அது என் டிசைன்."

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அதற்கு முன்பு எனக்குக் கோபப்படத் தெரியாது. அது வந்த பிறகுதான் ஒருவரை நிறுத்திக் கேட்கவும் வருகிறது. "எந்த மாதிரிப் பாலம்? சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவருடைய கணவர். "அடிக்கட்டும்" என்றார் அந்தப் பெண். கையுறையைக் கழற்றிவிட்டு, என் கார் பானட்டில் படிந்திருந்த பனியில் விரலால் முதல் தூணை வரையத் தொடங்கினார்.