ஏழு பட்டைகளும் ஒரு பாதமும்

மே 24

மகளுக்கு,

நான் நலம். உன் அம்மாவின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ நலமாயிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். கேட்டறியும் வாய்ப்பு, நாம் கடைசியாகப் பேசிய ஏப்ரல் 2-க்குப் பிறகு அமையவில்லை. தொலைபேசியில் பேசினால் நீ குறுக்கிடுவாய், நான் குரலை உயர்த்துவேன். ஆகவே என் குறைகளை எழுத்தில், வரிசையாக:

1. பிப்ரவரி 11. உன் வெளிநாட்டு அலுவலகத்தின் நடைத் திட்டத்துக்காக எங்கள் குடியிருப்பின் நான்கு கட்டடங்களுக்கும் அடி எண்ணும் கைப்பட்டைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பல மொழி பேசுகிறவர்களையும் ஒன்றாக நடக்க வைக்கப்போவதாகச் சங்கச் செயலாளருக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாய். அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வரி இல்லை.

2. பிப்ரவரி 25. லிஃப்ட் கதவருகே தரவரிசைப் பட்டியல் ஒட்டப்பட்டது. கடைசி இடத்துக்குச் சிவப்பு மை. அந்த இடம் ஐந்தாம் மாடித் தையற்கார அம்மாவுடையது.

3. மார்ச் 2 முதல் இன்றுவரை. தினமும் காலை ஆறு பத்துக்கு, நடக்கச் சொல்லி, உன் பெயரில் உன் அம்மாவுக்கு ஒரு செய்தி.

4. ஏப்ரல் 19. இந்தத் தேதியிட்ட உன் திட்ட அறிக்கையின் பதினான்காம் பக்கம்.

5. மே 6. உன் அம்மா மாடிப்படியில் விழுந்தாள். வலது பாத எலும்பில் விரிசல். மே 9 அன்று உன் பெயரில் வந்த செய்தி: "அம்மா, மூணு நாளா ஆளையே காணோமே. உங்க தோழிகள் காத்திருக்காங்க."

6. இது என்மீது. மேற்சொன்ன எல்லாத் தேதிகளிலும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.

இனி விளக்கம். தையற்கார அம்மா நாளெல்லாம் காலால் மிதித்துத் தைப்பவர். அவர் பாதங்கள் ஓய்வதே இல்லை. ஆனால் பட்டை இருப்பது கையில், கை துணியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. உங்கள் கணக்கில் அவர் நடக்கவே இல்லை. காவலாளி தினமும் பட்டியலைப் படித்துவிட்டு, என்னக்கா, நேத்தும் படுத்தேதான் இருந்தீங்களா என்று கேட்பாராம். தையற்கார அம்மா வேறு மொழிக்காரர், ஆனால் கேலியைப் புரிந்துகொள்ள அவருக்கு நம் மொழி போதுமானதாக இருந்தது. ஒரு நாள் லிஃப்டில் அவர் அழுததை உன் அம்மா பார்த்துவிட்டாள். இவள் குணம்தான் உனக்குத் தெரியுமே. குடுங்க, நான் எப்படியும் நடக்கத்தானே போறேன், இதையும் சேர்த்துக் கட்டிக்கிறேன் என்று அவர் பட்டையை வாங்கிக்கொண்டாள். பிறகு இரவுப்பணி முடித்துவிட்டுப் பகலில் உறங்கும் செவிலியருடையது வந்தது; பிறகு கைக்குழந்தைக்காரியுடையது; பிறகு முழங்கால் அறுவை செய்துகொண்டவருடையது. அவளுடையதையும் சேர்த்து ஆக மொத்தம் ஏழு. தையற்கார அம்மா நன்றிக்கு ஏழு அறை வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடுத்தார். அந்தப் பையை நான் தினமும் பார்த்தேன். சாவிப் பை என்று நினைத்தேன். தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவதை முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்கிறவன், தன் வீட்டுக்குள் நடமாடிய ஏழு கருவிகளைக் கவனிக்கவில்லை.

உன் அம்மா உட்கார்ந்தால் ஏழு பேர் கீழே இறங்குவார்கள். அதனால் அவள் உட்காரவில்லை. பக்கத்துக் கட்டடம் முந்தும்போதெல்லாம் இன்னும் இரண்டு சுற்று. ஏப்ரல் மாதத்தில் கால் தாங்கித் தாங்கி நடந்தாள். கேட்டதற்குப் புதுச்செருப்பு கடிக்குதுங்க என்றாள். நானும் பெரிய மனிதனாகப் பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். எக்ஸ்ரே அறை வாசலில் அந்தப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஏழும் மினுக்கிக்கொண்டிருந்தன. பல நாள் நடையால் மெல்ல மெல்ல விட்ட விரிசல், படியில் விழுந்தது அதன் முடிவு மட்டுமே என்றார் மருத்துவர்.

உன் அறிக்கையைச் செயலாளர் பெருமையோடு மே 12 அன்று எனக்குக் கொடுத்தார். பதினான்காம் பக்கத்தில் ஏழு பெண்களின் கோடுகள் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அதற்குக் கீழே நீ எழுதியிருப்பது: மொழியும் வயதும் வேறுபட்ட பெண்களிடையே வியக்கத்தக்க ஒற்றுமை உருவாகியுள்ளது. ஏழு தராசுகள் ஏழு கடைகளில் ஒரே நாழிகையில் ஒரே எடையைக் காட்டினால், என்னிடம் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதலில் சந்தேகப்படுவான், பிறகுதான் வியப்பான். நீ நேராக வியப்புக்குப் போய்விட்டாய். உனக்கு வேண்டிய விடை வந்ததும் கேள்வியை மூடிவிட்டாய். உன்னை நான் அப்படிப் படிக்க வைக்கவில்லை.

மக்களை நடக்க வைப்பது தவறு என்று நான் சொல்வதாகத் திரித்துக்கொள்ளாதே. முதல் இரண்டு வாரம் இந்தக் குடியிருப்பில் நான் பதினெட்டு ஆண்டுகளில் பார்க்காததைப் பார்த்தேன். முகம் தெரியாதவர்கள் கதவைத் தட்டி, வாங்க போகலாம் என்று ஒருவரையொருவர் அழைத்துப் போனார்கள். பட்டியல் ஒட்டிய பிறகு கதவு தட்டுவது நின்றது. அவரவர் பட்டையை அவரவர் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது தையற்கார அம்மா தினமும் பட்டை இல்லாமல் ஐந்தாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்து உன் அம்மாவோடு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் படியேறிப் போகிறார். அந்தப் படிகள் உன் கணக்கில் வரப்போவதில்லை.

மூன்றாவது குறைக்கு வருகிறேன். மற்றவை அறிவுக்குறைவு. இது வேறு. மே 14 அன்று தையற்கார அம்மா சமையலறை வாசலில் நின்று, உன் அம்மா காதில் விழாதபடி, தன் கைபேசியை என்னிடம் காட்டினார். அவர் மொழியில், உன் பெயரில், அதே ஆறு பத்துக்கு, அதே வாசகம். "எனக்கும் அம்மானுதான் வருது ஐயா. பெத்த புள்ளயே என்னைத் தினம் இப்படிக் கூப்பிட்டதில்ல. உங்க பொண்ணுக்கு நாங்க எத்தன பேரு அம்மா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பாசமுள்ளவர் பெயரில் கணினியே செய்தி அனுப்பினால் மனிதர்கள் கூடுதலாக நடப்பார்கள் என்று உன் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. சரிதான். உன் அம்மா எலும்பில் விரிசல் விடும்வரை நடந்தாள்.

இன்றோடு எண்பத்து நான்கு செய்திகள். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் அவள் பதில் எழுதியிருக்கிறாள். நான் படித்தேன், அவளுக்குத் தெரியாமல். அதையும் ஏழாவது குறையாக என்மீது சேர்த்துக்கொள். சாப்பிட்டாயா, இருமல் விட்டதா, அந்த நீலச் சட்டை இன்னும் இருக்கிறதா. போன வாரம் என்னிடம், "எப்பவும் சரியா ஆறு பத்துக்கே அனுப்புறாளே, அங்க அப்ப நடுராத்திரியாச்சே, இவ தூங்குறதே இல்லையாங்க?" என்று கேட்டாள். மறுநாள் உனக்கு எழுதியிருக்கிறாள்: எனக்காக முழிச்சிருக்காதடி, தூங்கு, நான் நடந்துடுவேன். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியது அது. அவற்றை யாரும் படிப்பதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை நான் சபிக்க மாட்டேன். நல்லபடியாக இரு, செய்யும் வேலையில் நேர்மையாக இரு என்பதே என் ஆசி, எப்போதும்போல. ஜூன் 17 அன்று மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். அதற்கு முன், ஜூன் 10-ஆம் தேதிக்குள், உன் கையெழுத்தில் பதில் என் கைக்கு வந்தாக வேண்டும். தொலைபேசி அழைப்பைப் பதிலாக ஏற்க மாட்டேன். பதினான்காம் பக்கத்தில் இருப்பவர்கள் ஏழு பேர் அல்ல, ஒருத்தி என்று உன் அலுவலகத்துக்கு நீ எழுதிய திருத்தத்தின் நகல் அதில் இருக்க வேண்டும். அந்த எண்பத்து நான்கில் ஒன்றையாவது நீயே உட்கார்ந்து எழுதியிருந்தால், அது எந்தத் தேதியுடையது என்பதும் இருக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவள் கைபேசியிலிருந்து அழித்துவிடுவேன். ஒன்றுகூட இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா