விளக்கைத் தொடாத அத்தை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் மூக்குக் குழாய் மூணு பேரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, உடனே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், கடிதத்துக்கு மூச்சு வாங்காது, அதனால் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

கதிர்வேல் கல்யாணத்துக்குப் போகாதே என்றாய். போனேன். என் அண்ணன் பிள்ளைக்குக் கல்யாணம், அத்தைக்காரி நான் வீட்டில் உட்காருவதா? பட்டு நூல் சாயக் கொப்பரைப் புகையில் கெட்ட நுரையீரல், இனி ஆக்சிஜன் குழாய் கூடவேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சரி, கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ சொன்னதையே என் அண்ணி துர்காதேவியும் வீடு தேடி வந்து சொன்னார்கள். "மூக்குல குழாயோட மேடையில நின்னா பாக்கறவங்க என்னாம்மா சொல்வாங்க, வீட்ல உக்காந்துக்கினு போன்ல பாத்துக்கோ" என்று. "மூக்குத்தி போட்டுக்கினு வந்தா வான்னுவீங்க, குழாய் போட்டுக்கினு வந்தா வேணாமா அண்ணி" என்று கேட்டேன், காபியைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லாவிட்டால் அத்தைதான் காமாட்சி விளக்கைப் பிடித்து முன்னால் நடக்க வேண்டும். விளக்கைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆக்சிஜன் போகிற இடத்தில் நெருப்பு கூடாது என்று டாக்டர் சொன்னார், அதைக் கேட்பேன். மேடை ஏறாதே என்று அவர் சொல்லவில்லை, அதை யார் சொன்னாலும் கேட்கமாட்டேன், நீ சொன்னாலும். தாலித் தட்டைக் கொடுங்கள், பெரியவர்களிடம் காட்டி ஆசீர்வாதம் வாங்கி வருகிறேன் என்றேன்.

முகூர்த்தத்தன்று ஓமப் புகை வராத ஓரமாக நான் நிற்கிறேன், சக்கரம் வைத்த சின்ன சிலிண்டர் அப்பா கையில். அந்தப் பரபரப்பில், வரவே கூடாது என்ற அதே அண்ணி பழக்க தோஷத்தில் "அத்தை எங்க, இந்தாம்மா புடி" என்று எரிகிற விளக்கை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார்கள்! பின்னால் தாவி "நெருப்பு, எட்டப் போங்க அண்ணி" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுபோனது. அண்ணி விளக்கோடு நாலடி பின்னால் போனார்கள். "பயப்படாதீங்க, நீங்களே புடிச்சிக்கினு தூரமா முன்னாடி நடங்க, தட்டை எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க" என்றேன். தட்டு வந்தது. சபை முழுக்கச் சுற்றினேன், பின்னால் உங்கப்பா சிலிண்டரைத் தேர் மாதிரி இழுத்துக்கொண்டு. நடுவில் மூச்சு வாங்கியது, அவர் பதறிப்போய் சிலிண்டர் திருகைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டப் போனார், டாக்டர் வைத்த அளவுக்கு மேலே போனாலும் கெடுதல், கையை எடுங்கள் என்று அதட்டிவிட்டு, ஒரு நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து, எழுந்து, மிச்சத்தையும் முடித்தேன். நான் கொண்டுவந்த தட்டிலிருந்துதான் தாலி ஏறியது.

நேற்று போட்டோக்காரர் தினகரன் கல்யாணப் படங்களோடு வந்தார். "அக்கா, குழாயை கம்ப்யூட்டர்ல அழிச்சிடவா, யாருக்கும் தெரியாது" என்றார். "அழிக்கறதா இருந்தா எங்க வீட்டுக்காரரு தொப்பையை அழிப்பா, குழாய் இருக்கட்டும், அதாலதான் நான் நின்னுக்கினு இருக்கேன்" என்றேன். இத்துடன் ஒன்று உனக்கு. அழாமல் பார். பெட்டியில் போட்டு வைக்காதே, உன் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு.

காமாட்சி உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. என்னை வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லி அப்பாவுக்கு ரகசியமாகப் போன் போடாதே, அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுகிறார்.

ஆசீர்வாதத்துடன்,
மேடை ஏறிய உன் அம்மா,
கமலாட்சி