கூண்டு இறங்கிய விதம்

தங்கவயல்,
1903 ஆகஸ்டு, சனிக்கிழமை.

என் பிரியமுள்ள லூயிசாவுக்கு,

இங்கே நான் சுகம். குடியாத்தத்தில் நீயும் மாமியும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை என்றால் கேட்கிற ஆளா நீ? ஊறுகாய்ச் சாடியை மாமி எங்காவது ஒளித்து வைக்கட்டும்.

நீ சொன்னபடியே நம் வீட்டு விட்டத்தில் தூளிக்குக் கொக்கி அடித்தாயிற்று. நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டது பக்கத்து லைன் குடிசைக் கோவிந்தன். கம்பெனி வீடுகளில் இப்படி ஒரு விட்டம் வேறெதிலும் இல்லை என்று தட்டித் தட்டிப் பார்த்தான்.

அந்தக் கோவிந்தன் இப்போது இல்லை, லூயிசா. நீ புறப்பட்ட அன்று உன் பெட்டியை ஸ்டேஷன்வரை சுமந்து வந்தானே, அவனேதான். செவ்வாய்க்கிழமை அவன் ஒருவனாகச் சுரங்க வேலைக்கு இறங்கும்போது, ஆள் இறக்கும் கூண்டின் பிரேக்கு பிடிக்கவில்லை. ஷாஃப்ட் குழியின் வாயில் மணியடிக்கிற ராஜப்பா கயிறு ஓடிய ஓட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறான். "கல்லு மாரி வுழுந்துச்சு ரைட்டரய்யா" என்று என்னிடம் அழுதான்.

திங்கட்கிழமை கோலாரிலிருந்து விசாரணைத் துரை வருகிறார். ராஜப்பாவின் வாக்குமூலத்தை நான் இங்கிலீஷில் எழுதி, அதையே துரைக்கு முன்னால் தமிழில் படித்துக் காட்டி, கைரேகை வாங்க வேண்டும். எப்போதும் செய்கிற வேலைதான்.

நேற்று எங்கள் சுரங்கக் கேப்டன் துரை கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். கூண்டு 'டிராப்' ஆனது என்று எழுதாதே, 'டிசென்ட்' ஆனது என்று எழுது என்றார். முன்னது தானாக விழுவது, பின்னது முறையாக இறங்குவது. கூண்டு வந்து நிற்கும் லேண்டிங் மேடைக்குப் போய்ச் சேருமுன்பே கோவிந்தன் அவசரப்பட்டுக் குதித்தான் என்றும் சேர்க்க வேண்டுமாம். பெங்களூர் மைதானத்தில் ஒரு துரை பலூன் என்கிற புகைக்கூண்டில் வானத்துக்கு ஏறி, பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். நோட்டீசில் அதற்கு 'டிசென்ட்' என்றுதான் போட்டிருந்ததாம், மரியாதையான சொல்லாம். அந்தத் துரைக்குக் குடை இருந்தது. கோவிந்தனுக்கு என்ன இருந்தது?

படித்துக் காட்டும்போது மாட்டிக்கொள்வேனே என்றேன். சிரித்தார். தமிழில் ராஜப்பா சொன்னபடியே படி, காகிதத்தில் நான் சொன்னபடி இருக்கட்டும், இரண்டு பாஷையும் அறிந்தவன் அந்த அறையில் நீ ஒருவன்தானே என்றார். பிறகு உனக்கு எப்போது பிரசவம் என்று விசாரித்தார். வீடு வசதியாக இருக்கிறதா என்றும் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

குதித்தான் என்று எழுதினால் அவன் பெண்சாதி கங்கம்மாவுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது, குடிசையையும் காலி செய்ய வேண்டும். எழுதாவிட்டால் நாம் காலி செய்ய வேண்டும். இந்தத் தங்கவயல் முழுக்க எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை தரமாட்டார்கள். நிறைமாதக்காரியை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, லூயிசா. சோறு இறங்கவில்லை.

இன்று காலை கங்கம்மா வாசலில் வந்து நின்றாள். "நீங்க எழுதறதால எனக்கு பயமில்ல, ரைட்டரய்யா" என்றாள். கேப்டன் சொன்னபடி எழுதினால், திங்கட்கிழமை நான் தமிழில் சரியாகவே படிப்பேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாள். காகிதத்தில் வேறு இருக்கும். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

நான் சொல்லும்வரை நீ இங்கே புறப்பட்டு வராதே. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. மாமியிடம் பக்குவமாக ஒன்று கேட்டு வை, அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. குடியாத்தம் வீட்டு விட்டத்தில் தூளி கட்ட இடம் இருக்குமா?

உன்
ஏனோக்