பத்துப் பேர் இருந்த அறை

கூப்பர் சந்து, பெத்னல் கிரீன், லண்டன்
1867 மார்ச் 9

அன்பு மகன் ஏபலுக்கு, உன் தாய் போனபின் உன்னைத் தோளில் போட்டு வளர்த்த மாமன் ஜேபஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இரும்புத் தூண் போல் நிற்கிறேன், கனடாக் குளிரில் நீயும் அப்படியே நிற்க வேண்டும். இந்தக் குளிர்காலம் காய்ச்சல் நம் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கியது, என் வாசலில் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது, டாக்டரே வியந்தார். ஆனால் அதன் பின்னாலேயே அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். சந்தின் வழக்கம் உனக்குத் தெரியும், அவர் தொப்பி தெரிந்ததும் யாராவது ஜன்னலில் ஈரத் துணியை உதறுவார்கள், பிள்ளைகளெல்லாம் சர்ச்சுப் பக்கம் பறந்துவிடும். என் அறையில் குடியிருந்த விதவை நோரா கியோவும் தன் நாலு பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இங்கே மூன்றே பேர் என்று பவ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் எதிர் அறையில் ஆறு பேராம், சந்திலேயே அதுதான் அதிகம் என்றார். எனக்குப் பொறுக்குமா. "ஆறு பேரா? அதெல்லாம் ஒரு கணக்கா? இங்க பத்துப் பேர் ராஜா மாதிரி இருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். "உங்க வாய்க்குள்ளயே இன்னும் பத்துப் பேரைக் குடிவெக்கலாம், பெரியவரே" என்றாள் நோரா.

ஒரு வாரத்துக்குள் அறையில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டு பிள்ளைகள் ஒரு பெரியவர் கணக்கு என்று உத்தரவு வந்தது. எங்களோடு அதே அறையில் இருந்த செருப்புத் தைக்கும் டிமக், தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். நோராவுக்கு ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நிலவறைதான் கிடைத்தது. எனக்கு முழு அறையும் மிஞ்சியது, சுண்ணாம்பு அடித்து மாளிகை போல் வெளுத்திருக்கிறது. இரண்டு காலையும் நீட்டிப் படுக்கலாம், ஆனால் ஒன்பது பேர் மூச்சுக்கு நடுவில் தூங்கிப் பழகியவனுக்குத் தூக்கம் எங்கே வரும். நான் தும்மினால் சுவர்தான் பதில் சொல்கிறது.

போன ஞாயிறு அந்த நிலவறைக்குப் போனேன். தரையில் தண்ணீர் கசிகிறது, கடைக்குட்டி பிரிட்ஜெட் மேசை மேல் படுத்து இருமுகிறாள், என் கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரிப்பவளுக்குச் சிரிக்க மூச்சில்லை. திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நோரா ஒன்று, நாலு பிள்ளைகள் இரண்டு, ஆக மூன்று, நான் ஒருவன்தான் கூடுதல். இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். நாளை அவர்கள் வருகிறார்கள், நான் காலையிலேயே ஏழைகள் விடுதிக்குப் போகிறேன். பதறாதே, அரண்மனை மாதிரிக் கட்டடம், அறுநூறு பேர், ஆளுக்கொரு கட்டில். சாப்பிடும்போது பேசக் கூடாதாம், நான் போனதும் அதை மாற்றிவிடுவேன்.

நோராவிடம், நான் கனடாவுக்கு வர நீ கப்பல் சீட்டு அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் அவள் வரமாட்டாள். அதனால் மறந்தும் பழைய விலாசத்துக்கு எழுதாதே, விடுதிக்கே எழுது. கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே, கர்த்தர் உன் கூரையைக் காக்கட்டும். உறையில் என் முழுப் பெயரையும் பெரிதாக எழுது, அங்கே கடிதம் வந்தால் எல்லோர் நடுவிலும் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம்.

உன் மாமன்,
ஜேபஸ் டாரன்ட்