பேனரை நானே கழற்றினேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எழுதும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் தனித்தனியாக எழுது, "நல்லா இருக்கேன்மா" என்று ஒரே வார்த்தையில் மழுப்பாதே. போனில் சொன்னால் "விடும்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நம் டென்னிஸ் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். உனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டதாம், இடுப்பில் ஆபரேஷனும் ஆகிவிட்டதாம், போன போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாயாம், அதனால் கௌரவமாக ஒரு பிரிவுபசார விழா வைக்கிறாராம். அவளைக் கேட்டீர்களா என்றேன். உன் அண்ணன் தலையைச் சொறிந்தான். அவன்தான் சரி சொல்லியிருக்கிறான்! "அவ வலியோட ஆடுறதப் பாக்க முடியலம்மா" என்றான். அவன் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை, அதற்காக உன் காலுக்கு அவன் முடிவு சொல்வதா? வந்ததே எனக்குக் கோபம், செயலாளர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் மைதானத்துக்குப் போனால் வாசலில் உன் படம் போட்ட பேனர், விடை கொடுக்கிறோம் என்று கொட்டை எழுத்தில். ஏணியை இழுத்துப் போட்டு நானே ஏறினேன். "இறங்கும்மா, விழுந்துடுவ" என்று ஓடிவந்த உன் அண்ணன், நான் இறங்கமாட்டேன் என்று தெரிந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப விழாவ எப்பத்தான் வைக்கிறது?" என்று செயலாளர் கீழே நின்று கத்தினார். "அவ சொல்றப்ப வைங்க, சொல்லலன்னா வைக்காதீங்க" என்று கடைசி முடிச்சையும் அவிழ்த்தேன்.

நீ தோற்ற ஆட்டத்தை நானும்தான் பார்த்தேன். முன்பெல்லாம் எட்டாத பந்துக்கும் விழுந்தடித்துப் பாய்வாய். இப்போது எதிரில் இருப்பவள் தோளைத் திருப்பும்போதே சின்னச் சின்ன அடி வைத்து, பந்து வருகிற இடத்தில் போய் நிற்கிறாய். வேகம் குறைந்துவிட்டது என்றார் வர்ணனை சொன்னவர். குறைந்தது வீண் ஓட்டம், அது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது செட்டில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியது நீயா, எதிரில் ஆடிய அந்தச் சின்னப் பெண்ணா?

நான் மல்லுக்கு நின்றேன் என்பதற்காக நீ ஆடியே தீரவேண்டும் என்று இல்லை. நாளைக்கே போதும் என்று தோன்றினால் மட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கு வா, சந்தோஷமாகக் கதவைத் திறப்பேன். ஆனால் அந்தப் போதும் உன் வாயிலிருந்து வரவேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் அப்படியே போய்ப் படுக்காதே, உடம்பை நீட்டி மடக்கி ஆறவிட்டுப் படு. தூக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உன் மூட்டெல்லாம் உன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு. வியாழக்கிழமை உன்னை எதிர்த்து ஆடப்போகிறவளுக்கு இருபது வயதாம், காற்றாக ஓடுவாளாம், உன் அண்ணன் சொன்னான். ஓடட்டும். நன்றாக ஓடவிடு.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா